கை மாறினால் சத்தம் போடும் கார்

சர்வீஸ் கவுன்டரில் நான் கேட்ட சத்தங்களில் பெரும்பகுதி, கார் வைத்திருப்பவர்கள் வாயால் போட்டுக் காட்டியவை. ஒருவர் ‘கொடகொடகொட’ என்பார். ஒருவர் உதட்டைக் குவித்து ‘ஊய்ய்ய்’ என்று நீட்டுவார். தேவகோட்டையிலிருந்து வந்த ஒரு கணக்கு வாத்தியார், வேகத்தடையில் ஏறும்போது ஒரு சத்தம், இறங்கும்போது வேறு சத்தம் என்று இரண்டையும் எழுந்து நின்று செய்து காட்டினார். வரிசையில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். இரண்டு சத்தமும் அச்சாக இருந்தன. முன்பக்க சஸ்பென்ஷன் போயிருந்தது.

காரைக்குடியில் அந்த நாற்காலியில் இனி உட்காரப்போகிற உங்களுக்குக் காரைப் பற்றி நான் சொல்வதற்கு அதிகம் இல்லை. வயரைச் சொருகினால் பாதிக் கதையை அதுவே திரையில் சொல்லிவிடுகிறது. மீதிக் கதை காருக்கு வெளியே இருக்கிறது. அதற்கு வயர் கிடையாது.

ஆயுத பூசைக்கு மறுநாள் காலையில் வாசலில் நிற்கும் கார்களைப் பாருங்கள். எல்லாம் புதியவை. எல்லாவற்றுக்கும் ஒரே புகார்: பின்னால் எடுத்தால் ஒன்றுமில்லாத இடத்தில் கத்துகிறது, அல்லது சுவரே வந்தாலும் வாயைத் திறப்பதில்லை. பின் பம்பரில் வட்ட வட்டமாகச் சென்சார்கள் இருக்கின்றன அல்லவா, சந்தனமும் குங்குமமும் வைக்க அதைவிடத் தோதான இடம் அந்தக் காரில் வேறு இல்லை. எனக்கு முன் அந்த நாற்காலியில் இருந்தவர், ஈரத்துணியால் துடைத்து அனுப்பினால் போதும் என்று சொல்லிக்கொடுத்தார். அப்படி ஒரு பெண்ணின் எதிரில் துடைத்தேன். “சாமிக்கு வச்ச பொட்ட ஏன் அழிச்சீக?” என்று சத்தம் போட்டு, கோயில் பெரிய ஐயர் வந்து மறுபடி பொட்டு வைக்கும்வரை காரை எடுக்கமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். அதற்குப் பிறகு நான் துடைப்பதில்லை. உரியவர் கையில் துணியைக் கொடுத்து, பொட்டை ஒரு சாண் மேலே மாற்றி வைக்கச் சொல்வேன்.

இது சின்னது. மீனாட்சி ஆச்சியின் காரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

ஆச்சி என்றதும் தலை நரைத்த பாட்டியை நினைக்க வேண்டாம். வெளியூரிலிருந்து மாற்றலாகி வருகிறவர்கள் முதல் வாரத்தில் செய்யும் தவறு அது. இங்கே நகரத்தார் வீடுகளில் கல்யாணமான பெண்கள் எல்லோரும் ஆச்சிதான். இவருக்கு அறுபது ஆகவில்லை. கணவர் இறந்த பிறகு, ஐம்பதைத் தாண்டித்தான் கார் ஓட்டக் கற்றுக்கொண்டார். உயரம் குறைவு. ஓட்டுநர் இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தால் ஸ்டீயரிங்குக்கு மேலே கண்ணும் நெற்றியும் தெரியும். எதிரே வருகிறவர்களுக்கு ஆளில்லாத கார் வருவதுபோல் இருக்கும். ஆனால் சுத்தமான கை. சிங்கம்புணரியில் இருக்கும் அக்காவைப் பார்க்க வாரந்தவறாமல் தானே ஓட்டிக்கொண்டு போய் வருவார்.

கார் அவருடையதுதான், ஆனால் அவருடையது மட்டும் இல்லை. வீட்டைப்போலக் காரும் பொது. கணவருடன் பிறந்தவர்களில் மூத்தவர் சென்னையில், இளையவர் கோயம்புத்தூரில். மூன்று குடும்பமும் சேர்ந்து வாங்கிய சின்னக் கார் அது. ஊரில் கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு, கோயில் காரியம் என்றால் எல்லோரும் வந்து இறங்குவார்கள். இறங்கியதும் கார் எல்லோருக்கும்.

முதல் தடவை வந்தபோது, “தம்பி, வண்டில ஒரு சத்தம் வருது” என்றார்.

“எப்படிச் சத்தம் ஆச்சி?”

“சத்தம் மாதிரிதான்.”

“கடகடன்னா, கிறீச்சுன்னா?”

“ரெண்டுமில்ல. நீங்க பாருங்க. அவசரமில்ல. நாலு நாள் இருக்கட்டும்.”

கார் கொடுக்க வருகிறவர் யாரும் அவசரமில்லை என்று சொல்லி நான் கேட்டதில்லை. அங்கேயே நான் நிமிர்ந்து பார்த்திருக்க வேண்டும். எழுதிக்கொண்டு உள்ளே அனுப்பிவிட்டேன்.

எங்கள் ஃபோர்மேன் காதுக்குப் பேர்போனவர். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே ஆயில் மாற்றி எவ்வளவு நாளாயிற்று என்று சொல்லக்கூடியவர். அந்தக் காரைக் குன்றக்குடி வரை ஓட்டினார். மேடு, பள்ளம், வேகத்தடை எல்லாவற்றிலும் ஏற்றி இறக்கினார். இன்னொருவரை ஓட்டச் சொல்லிவிட்டுப் பின்சீட்டில் படுத்துக் கேட்டார். ஒன்றுமில்லை. மறுபடி சில மாதம் கழித்து அதே கார், அதே புகார். மறுபடி ஒன்றுமில்லை. மூன்றாம் தடவை வந்தபோது அவர் என்னிடம் தனியாக வந்து, “எனக்குக் காது போயிருச்சு போலண்ணே” என்றார். விளையாட்டாகச் சொல்கிறார் என்று நினைத்தேன். அன்று மத்தியானமே காது டாக்டரைப் பார்க்கப் போய்விட்டார். திரும்பி வந்தவரிடம் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

“டாக்டரு காதவிட நல்லா இருக்காம்” என்றார், கவலை குறையாமல்.

அன்று சாயங்காலம் அவர்தான் ஒன்றைக் கண்டுபிடித்தார். இருக்கையை முன்னும் பின்னும் நகர்த்தும் கம்பியில் சிவப்பாக ஒரு கோடு. துரு என்று நினைத்துச் சுரண்டியிருக்கிறார். நகப்பூச்சு. இருக்கை எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு யாரோ வைத்த அடையாளம்.

நான் அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போது கைபேசி அடித்தது. மூத்தவரின் மகன் கதிரேசன். “சார், காலைல ரயில்ல வந்து இறங்குனோம், வண்டியக் காணோம். உங்ககிட்டதான் இருக்காமே?” போன தடவையும் இதே குரல் இதையே கேட்டது. அதற்கு முந்தின தடவையும். சத்தம் காரில் எப்போது வருகிறது என்று நாங்கள் தேடிக்கொண்டிருந்தோம். அது சென்னை ரயிலில் வந்துகொண்டிருந்தது.

மறுநாள் ஆச்சி வந்தார். ஃபோர்மேன் காதில் விழாத தூரத்துக்கு அழைத்துப்போய்க் கேட்டேன். “ஆச்சி, இந்தச் சத்தம் இன்னும் எத்தன நாளைக்கு வரும்?”

என்னைப் பார்த்தார். மேலே சுற்றுகிற மின்விசிறியைப் பார்த்தார். “திங்கக்கிழமை ரயிலுக்குப் போறாக” என்றார்.

பிறகு அவரே சொன்னார். “கதிரேசன் ஆறடி. ஏறுன ஒடனே சீட்டப் பின்னுக்குத் தள்ளிப்புடுவான். தலகாணியத் தூக்கி டிக்கில எறிவான். கண்ணாடியெல்லாம் அவன் கண்ணுக்குத் திருப்பி வச்சுக்குவான். அவுக அப்பச்சி, எங்க மூத்தவுக, ஓட்டுனா ஸ்டீயரிங்கையே எறக்கிப்புடுவாக. எல்லாரும் ஊருக்குப் போனப்பறம் நான் ஏறி உக்காந்தா, வேற யாரு வீட்டுக் காருலயோ தெரியாம ஏறிட்ட மாதிரி இருக்கு. ஒருதடவ கொட்டகைக் கல்லுல ஒரசிட்டேன். அதுக்கப்பறம் ரெண்டு வாரம் காரத் தொடவே பயம். அக்கா வீட்டுக்குப் போகல.”

“அதுக்குத்தானே நகப்பூச்சு வச்சிருக்கீக?”

“முன்ன பின்ன போறதுக்கு வச்சிரலாம். சாயுறதுக்கு எங்குட்டு வைக்க? கண்ணாடிக்கு எங்குட்டு வைக்க?”

“தனியா ஒரு சின்னக் காரு வாங்கிக்கிறலாமே ஆச்சி.”

“வாங்கலாம். பொதுக் காரு இருக்கையில தனிக் காரு வாங்குனா, மீனாட்சி பங்கு பிரிச்சுக்கிட்டான்னு மறுநாளே எங்க இளையாத்தங்குடிக் கோயில் வரைக்கும் பேச்சு போயிரும். நிறுத்துறதுக்கும் ஒரு கொட்டகதான் இருக்கு.”

நான் காரை எங்கள் பணிமனையின் பின்பக்கக் கொட்டகையில் போர்வை போட்டு நிறுத்தினேன். ஃபோர்மேனிடம் விஷயத்தைச் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். இரண்டு காதையும் ஒருமுறை தடவிக்கொண்டு, “நல்லவேள” என்று மட்டும் சொன்னார்.

இனி வருவதுதான் நீங்கள் கவனிக்க வேண்டிய இடம். கதிரேசன் மறுபடி அழைத்தார். பொய் சொல்வதில்லை என்று முடிவு செய்துகொண்டு கைபேசியை எடுத்தேன்.

“வண்டில என்ன சார் பிரச்சன?”

“ஒரு குறையும் இல்லைங்க. நல்லா இருக்கு.”

“அப்பறம் ஏன் சார் நாங்க வர்றப்பல்லாம் உங்க ஷெட்லயே நிக்குது?”

“சத்தம் வருதுன்னு சொன்னாக. பார்த்தோம். ஒண்ணுமில்ல.”

“மூணு தடவ பாத்தும் கண்டுபிடிக்க முடியலயா?”

“கண்டுபிடிக்கிறதுக்கு ஒண்ணுமில்லைங்க.”

“அதத்தான் சார் நானும் சொல்றேன். கண்டுபிடிக்கவே முடியல.”

கிளட்ச் போய்விட்டது என்று சொல்லுங்கள், சரி மாற்றுங்கள் என்று நிம்மதியாகப் போவார்கள். ஒரு குறையும் இல்லை என்று சொன்னால் பயந்துவிடுவார்கள். பெயர் தெரியாத வியாதியைப்போல அது குடும்பத்துக்குள் பரவும். நான் சொன்ன உண்மை அன்று மாலைக்குள் கோயம்புத்தூர் போய்ச் சேர்ந்தபோது, ‘எஞ்சினுக்குள்ள ஏதோ கெடக்கு, கம்பெனிக்காரனே கைவிட்டுட்டான்’ என்று ஆகியிருந்தது. மூன்று குடும்பமும் பேசி முடிவெடுத்துவிட்டது. பழைய காரைத் தள்ளிவிட்டு, ஏழு பேர் உட்காரக்கூடிய பெரிய கார். கூடவே மாதச் சம்பளத்துக்கு ஒரு டிரைவர்.

ஆச்சி மறுநாளே வந்தார். அவர் முகம் வாடி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

“நல்லதுக்குத்தான் செய்றாக தம்பி, அதான் தொல்ல. எறங்கி ஏற முடியாத ஒசரத்துல ஒரு காரு. ‘டிரைவர் போட்டுருவோம் மீனா, நீ பின்னாடி ராணி மாதிரி உக்காந்து போ’ங்கிறாக. ராணிக்குச் சிங்கம்புணரி போகணும்னா டிரைவரு சாப்புட்டு வர்ற வரைக்கும் வாசல்ல நிக்கணும்.” பிறகு, “சத்தமே இல்லன்னு நானே சொல்லிரவா?” என்றார்.

“சொன்னா என்ன ஆகும்?”

“சொந்தக்காரவுகளுக்குக் காரக் குடுக்காம ஒளிச்சு வச்சவன்னு ஆகும். இப்பவாச்சும் காருதான் போகுது.”

அந்த வீட்டுக்குக் காரைக் கொண்டுபோய் விடுவதற்கு நான் ஒருமுறை போயிருக்கிறேன். பங்களா மாதிரி வீடு. தெரு விட்டுத் தெரு நீளும். கார்க் கொட்டகை மட்டும் அவர்களுடைய முப்பாட்டனார் பர்மாவிலிருந்து வந்து முதல் கார் வாங்கியபோது கட்டியது. அந்தக் காலத்துக் கார்கள் ஒல்லி. வாசலில் இரண்டு கல்தூண், உள்ளே இரண்டு பக்கமும் சுவர். சின்னக் காரை நிறுத்தினாலே ஆச்சி ஒருக்களித்துத்தான் இறங்க வேண்டும்.

“நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாம் ஆச்சி. வாங்குறதுக்கு முன்னாடி அந்தக் கார ஒருதடவ வீட்டுல கொண்டாந்து நிறுத்திப் பாக்கச் சொல்லுங்க. எல்லாரும் செய்றதுதான்” என்றேன்.

ஆச்சி கைப்பையை எடுத்துக்கொண்டார். “செய்றதுதான்” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னார்கள். பழைய காரின் நிலைமையைச் சொல்வதற்காக என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் அதை ஓட்டிக்கொண்டு போய்த் தெருவில் நிறுத்தினேன். பின்னாலேயே விற்பனைப் பிரிவிலிருந்து கழுத்துப்பட்டை கட்டிய இளைஞர் ஒருவர், கல்யாண மாப்பிள்ளையை அழைத்து வருவதுபோலப் பெரிய காரைக் கொண்டுவந்தார். மூத்தவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுற்றி வந்து பார்த்தார். கோயம்புத்தூர்க்காரர் வீடியோ அழைப்பில் இருந்தார். அவரை மூத்தவர் கையில் தலைகீழாகப் பிடித்திருந்தார்.

“கூரையத் தொறந்தா ஆகாசம் தெரியும் சார்” என்றார் இளைஞர்.

“ஆகாசத்தப் பாக்கக் காரு எதுக்குப்பா?” என்றது தலைகீழான கைபேசி.

“சித்தப்பா, உங்களுக்கு இதெல்லாம் புரியாது” என்று கதிரேசன் ஏறி உட்கார்ந்தார். கண்ணாடிகளை மடக்கிக்கொண்டு, கல்தூண்களுக்கு நடுவே மெதுவாகக் காரை உள்ளே விட்டார். போய்விட்டது. மூத்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “பாத்தீகளா, அளவெடுத்துத் தச்ச மாதிரி இருக்கு!” என்றார். நான் தலையாட்டினேன். அவர் சொன்னது சரிதான்.

உள்ளேயிருந்து கதிரேசன் வரவில்லை.

“என்னப்பா செய்றே?”

“கதவு தொறக்கல அப்பச்சி.”

“பூட்டிருக்கா?”

“பூட்டல. சொவரு இருக்கு.”

அந்தப் பக்கக் கதவும் அப்படியே. சரி, பின்னால் எடு என்றார்கள். ரிவர்ஸ் போட்டதும் நான்கு மூலையிலிருந்தும் கார் கத்த ஆரம்பித்தது. திரை முழுவதும் சிவப்பு. கதிரேசன் பிரேக்கை மிதித்தார். காலை எடுத்தார், அது கத்தியது, மறுபடி மிதித்தார். இளைஞர் கழுத்துப்பட்டையைத் தளர்த்திக்கொண்டார். கார் இன்னும் பதிவுகூட ஆகவில்லை. “சார், தயவுசெஞ்சு எதையும் தொடாதீங்க சார்” என்று தெருவிலிருந்து கெஞ்சினார். கொஞ்ச நேரத்தில் கூரை திறந்தது. கதிரேசன் இருக்கையின்மேல் ஏறி நின்று, இடுப்புக்கு மேலே வெளியே வந்தார். ஓட்டுக் கேட்டு வந்த வேட்பாளரைப்போல இருந்தார். தெருவில் நின்ற இரண்டு பேர் கும்பிட்டுவிட்டுப் போனார்கள்.

“என்ன கதிரேசா, ஊர்வலமா?” என்றது கைபேசி.

கொட்டகைச் சுவரில் வீட்டுக்குள் திறக்கும் கம்பிச் சன்னல் ஒன்று உண்டு. அது திறந்தது. கம்பிகளுக்கு நடுவே ஆச்சியின் கையும் ஒரு டம்ளரும் வந்தன. “காப்பி குடிப்பா. பதறாத.”

“சின்னாத்தா, நீங்க இதுக்குள்ள எப்படி தினமும் வந்து போறீக?”

“மொதல்ல குடி.”

மூத்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. “இந்தக் கல்லு ரெண்டையும் எடுத்தாப் போச்சு. நாளைக்கே ஆளக் கூப்புடு.”

“அண்ணே, அது பொதுச் சொவரு” என்றது கைபேசி. “கல்லத் தொடணும்னா வீட்டுல பங்கு இருக்கிற எல்லாரும் சம்மதிக்கணும். மலேசியாவுல இருக்கிற பங்காளி முற்றத்துல ஓடு மாத்துறதுக்கே இன்னும் பதில் சொல்லல.”

மூத்தவர் கல்தூணைப் பார்த்தார். அதன்மேல் கையை வைத்தார். எடுத்தார். 

ஆச்சி உள்வழியாகக் கொட்டகைக்குள் வந்து காருக்கு முன்னால் நின்றார். “அந்தக் கத்தல மொதல்ல அமத்து. திரையப் பாக்காத. கண்ணாடியப் பாக்காத. என் கையப் பாரு.” கதிரேசன் உட்கார்ந்தார். ஆச்சி ஒற்றைக் கையை உயர்த்தி, விரலை ஒரு கோடளவு இந்தப் பக்கம், ஒரு கோடளவு அந்தப் பக்கம் அசைத்தார். “இங்குட்டு ஒடி. போதும். நேரா பின்னால போ. அவ்வளவுதான்.” கார் ஒரு கீறலும் இல்லாமல் தெருவுக்கு வந்தது. இளைஞர் அதை எடுத்துக்கொண்டு, விலைப்பட்டியலைக்கூடக் கொடுக்காமல் போய்விட்டார்.

இப்போது எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மூத்தவர் கேட்டார்: “சரி, நீங்க சொல்லுங்க. இந்தப் பழைய வண்டிக்கு என்னதான் வியாதி?”

ஆச்சி வாசல்படியில் நின்றிருந்தார். காலி டம்ளர் கையில் இருந்தது. குறை இருக்கிறது என்றால் கார் போய்விடும். வேறு சின்னக் காருக்கு ஏற்பாடு நடக்கும், டிரைவரோடு. குறை இல்லை என்றால் அடுத்த கேள்வி அவரைப் பார்த்துத் திரும்பும். பணிமனையில் யோசிக்க நேரம் கிடைக்கும். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று எழுந்து போகலாம். வாடிக்கையாளர் வீட்டு வாசலில் அது முடியாது.

நான் பார்த்ததை மட்டும் சொன்னேன். “ஒரே ஆள் ஓட்டுற வரைக்கும் இந்த வண்டிக்கு ஒரு குறையும் இல்லைங்க. ஆள் மாறுற சமயத்துல மட்டுந்தான் எங்ககிட்ட வருது. மூணு தடவையும் அப்படித்தான் வந்திருக்கு.”

மூத்தவர் காரின் கதவைத் திறந்தார். ஓட்டுநர் இருக்கையில் தலையணை இருந்தது. அதை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்ப அங்கேயே வைத்தார். அவர் பெரிய கம்பெனி நடத்தியவர். மனிதர்களை வேலைக்கு வைத்தவர். நான் சொன்னதில் எவ்வளவு புரிந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“அப்ப ஒரே ஆளு ஓட்டட்டும்” என்றார். “கதிரேசா, இனிமே நம்ம வந்தா வாடகக் காரு. இத யாரும் தொட வேண்டாம். மீனா, நீயே வச்சு ஓட்டிக்க.”

“பொதுக் காருல்ல?” என்றார் ஆச்சி.

“பொதுக் காருதான். ஓட்டுறது நீ.”

கைபேசியும் சரி என்றது. கதிரேசன் தலையணையைத் தட்டிச் சரியாக வைத்துவிட்டுக் கதவை மூடினார்.

புகார் சொல்கிறவரிடம் முதலில் சத்தத்தைச் செய்து காட்டச் சொல்லுங்கள், காட்டவில்லை என்றால் காருக்கு வெளியே ஒரு கேள்வி கேளுங்கள் என்று இதற்குப் பிறகு கவுன்டரில் வேலைக்கு வந்த ஒவ்வொருவருக்கும் சொல்லிவந்தேன். அதைச் சொல்லிக்கொடுத்த நானே ஒருநாள் அதன் முதல் பாதியைச் செய்யவில்லை.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வாரம் முன்பு ஆச்சி வந்தார். “தம்பி, வண்டில ஒரு சத்தம் வருது.”

நான் தலையை நிமிர்த்தவில்லை. “யாரு வாராக ஆச்சி? எத்தன நாள் இருப்பாக?” என்றேன். பின்பக்கக் கொட்டகையில் இடம் இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே.

“ஒருத்தரும் வரல. திருப்பத்தூர் ரோட்டுல அறுபதத் தாண்டுனா வருது.”

“நான் பாத்துக்கிறேன் ஆச்சி. திங்கக்கிழமை வரைக்கும் இருக்கட்டுமா?”

ஆச்சி கைப்பையைக் கவுன்டரின்மேல் வைத்தார். வரிசையில் நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பிறகு உதட்டைக் குவித்து, அடித்தொண்டையில் ஆரம்பித்து, மெல்ல மெல்ல ஏறும்படி ‘ம்ஊஊஊஊஊ’ என்றார். வளைவில் திரும்பும்போது எப்படிக் கூடுகிறது என்பதைத் தலையைச் சாய்த்துக் கூட்டிக் காட்டினார்.

உள்ளேயிருந்து ஃபோர்மேன் கையைத் துடைத்துக்கொண்டே ஓடிவந்தார்.

“முன்வீல், எடது பக்கம், பேரிங்கு” என்றார். அவர் இன்னும் காரைப் பார்க்கவில்லை.